முதல் வாய்

ரொட்டியில் இரண்டு கடிகள் இருந்தன. ஒன்று அவளுடையது. மற்றது அவனுடையது அல்ல.

சனிக்கிழமை மதிய வெயிலில் கடையின் தகரக் கூரை சூடேறி, நின்று நின்று சொடுக்கிக்கொண்டிருந்தது. அடுப்படியிலிருந்து பொரித்த மீன் வாசமும் விறகுப் புகையும் ஒன்றாக வந்தன. ஜன்னலுக்கு வெளியே ஆறு, பாதி வற்றி, கரையோரம் பாசி நாற்றத்தோடு கிடந்தது. அவன் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போயிருந்தான். பாதியில் எழுந்து போகிறவன் இல்லை. அவளுக்கு ஊட்டிய மிச்சத்தை மறு நொடியே தன் வாயில் போட்டுக்கொள்வதுதான் வழக்கம். இன்று மேலதிகாரி கூப்பிட்டுவிட்டார், மிச்சத்தைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்தான். அதனால்தான் அவள் கண்ணில் பட்டது.

அது அவர்களுடைய விளையாட்டு. கல்யாணமான இந்த இரண்டு வருடமாக, மாதத்தில் ஒரு வாரக் கடைசியில் ஏதாவது ஒரு ஊர், அந்த ஊரில் பேர்பெற்ற ஏதாவது ஒரு சாப்பாடு, ஞாயிறு சாயங்காலம் வீடு. எங்கே போனாலும் முதல் வாய் அவன்தான் ஊட்டுவான். அவள் கண்ணை மூடிக்கொண்டு, வாயில் விழுந்தது என்னவென்று சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் ஜெயித்தாள், தப்பாகச் சொன்னால் இன்னொரு வாய். வேலை செய்யும் இடத்தில் இதைச் சொன்னபோது, தன் வீட்டுக்காரர் சாப்பிட்ட தட்டைக்கூட எடுத்துப் போடுவதில்லை என்று ஒருத்தி பெருமூச்சு விட்டாள். அன்று முழுக்க இவளுக்குத் தலைகால் புரியவில்லை.

அவளுக்குத் தொழில் பல். பல் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கும் சின்ன லேபில், நோயாளிகளின் வாயிலிருந்து எடுத்து வரும் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, அதை வைத்துச் செயற்கைப் பல்லும் கேப்பும் செய்கிறாள். ஐந்து வருடம். அச்சைப் பார்த்தே ஆள் எந்தப் பக்கம் மெல்லுகிறார், தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறாரா என்று சொல்லிவிடுவாள். அவனும் அப்படி வந்தவன்தான், ஒரு கடைவாய்ப் பல்லுக்குக் கேப் போட. இரண்டு தடவை வந்தால் போதுமான வேலைக்கு நான்கு தடவை வந்தான். மூன்றாம் தடவை லேபின் கதவருகில் நின்று, உங்க பல்லு ரொம்ப அழகு, எல்லாம் அளவெடுத்த மாதிரி இருக்கு என்றான். பல் செய்கிறவளிடம் போய்ப் பல்லைப் புகழ்கிறானே என்று சிரித்துச் சிரித்து அவளுக்கு வயிறு வலித்தது. அதன்பின் அவளுக்கு அவன் வைத்த பேர் பல்லி.

எனவே ரொட்டியில் இருந்த கடியை அவள் ஒரு முகத்தைப் பார்ப்பது போலத்தான் பார்த்தாள். முன்பற்கள் நான்கும் குறுகல். இடது பக்கக் கோரைப்பல் தன் இடத்தில் நிற்காமல், கதவைப் பாதி திறந்து வைத்தது போலப் பக்கவாட்டில் திரும்பியிருந்தது. அவன் பற்கள் அகலம். கோரைப்பல் நேர். அந்தக் கடியின் ஓரம் இன்னும் ஈரமாக இருந்தது.

திரும்பி வந்தவனிடம் காட்டினாள். அவன் ஒரு கணம் தட்டைப் பார்த்தான்.

"சமையக்காரர் ருசி பாத்திருப்பார்," என்று சிரித்துக்கொண்டே எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். அந்தக் கடி இருந்த பக்கத்தை முதலில் கடித்தான். கண்ணை மூடி, அவசரமே இல்லாமல் மென்றான்.

மறுநாள் கார் வீடு நோக்கிப் போகும்போது, அவள் இதுவரை தனித்தனியாக விட்டிருந்த சில விஷயங்கள் ஒவ்வொன்றாகத் தலைதூக்கின. எந்தக் கடைக்குப் போனாலும் அவன் நான்கு பேர் உட்காரும் மேசையாகப் பார்த்துத்தான் உட்காருவான், இரண்டு பேர் மேசை காலியாக இருந்தாலும். அவளுக்கு இடது கைப் பக்கத்து நாற்காலி எப்போதும் காலி. ஒருமுறை அதில் தன் பையை வைத்தாள். பேச்சை நிறுத்தாமலே அவன் அதை எடுத்துத் தரையில் வைத்தான். கண்ணை மூடியிருக்கும் நேரத்தில் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வாடை வரும். சமையல்கட்டு வாடை என்று நினைத்திருந்தாள். இப்போது யோசித்தால் அது என்னவென்று அவளுக்கு நன்றாகவே தெரியும், ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் வாயில் பழகிய வாடைதான். பல நாள் எதுவும் சாப்பிடாத வாயின் வாடை. லேசான இனிப்பு, அதற்கடியில் புளிப்பு.

அப்புறம் அந்தச் சத்தம். டக். அவ்வளவுதான், அவள் வாய்க்கு ரொட்டி வருவதற்குச் சற்று முன்னால். தட்டில் கரண்டி படும் சத்தம் என்று இருந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அவன் நோட்டுப் புத்தகத்தை எடுத்து போய் வந்த ஊருக்கு நேரே ஒரு கோடு போட்டான். நீல அட்டை போட்ட நோட்டு. இருபத்தாறு ஊர், ஒவ்வொன்றுக்கும் நேரே அங்கே என்ன சாப்பிட வேண்டும் என்று. நண்பன் ஒருவன் எழுதிக் கொடுத்தது என்று கல்யாணத்தின்போது சொல்லியிருந்தான். இன்னும் இரண்டு ஊர்தான் பாக்கி. கடைசிப் பக்கத்துக்குப் போகப் போக எழுத்து கோணிக்கொண்டே போயிருந்தது, படுத்துக்கொண்டு எழுதியது போல.

அந்த வாரம் முழுக்கக் காப்பியில் சுவை இல்லை. பால்காரரை மாற்ற வேண்டும் என்றாள். அவன் தன் டம்ளரைக் குடித்துப் பார்த்து, நல்லாத்தானே இருக்கு என்றான். குழம்பு, பழம், பல் தேய்க்கும் பசை எல்லாமே ஒன்றுபோல இருந்தன. வாயில் விழுந்தது சூடா குளிரா, மெத்தென்றா கரகரப்பா என்பது தெரிந்தது. அதற்குமேல் ஒன்றும் தெரியவில்லை. இடது கோரைப்பல் வேறு விண்விண்ணென்று தெறித்தது.

அடுத்த ஊருக்குப் போகும்போது அவள் தன் தொழிலைக் கைப்பையில் எடுத்துப் போனாள். லேபில் கடி அளவு எடுக்க ரோஸ் நிறத்தில் மெழுகுத் தகடு உண்டு; கடித்தால் ஒவ்வொரு பல்லும் தன் கையெழுத்தை அதில் போட்டுவிடும். உள்ளங்கை அளவுக்கு ஒரு துண்டு வெட்டி எடுத்துக்கொண்டாள். அந்த ஊரில் பேர்போனது இறைச்சி அடைத்த ரொட்டி. அவன் கை கழுவப் போனபோது ரொட்டியைப் பிரித்து, இறைச்சிக்கு மேல் மெழுகை வைத்து மூடினாள். தன் புருஷனைத் திருடனைப் பிடிப்பது போலப் பிடிக்கப் பார்க்கிறோமே என்று வெட்கமாக இருந்தது.

"கண்ண மூடு, பல்லி."

மூடினாள். பக்கத்து மேசையில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். தெருவில் ஒரு சைக்கிள் மணி. இடது கன்னத்தில் மட்டும் காற்று சற்றுக் குளிர்ந்தது. அந்த வாடை வந்தது, முன்பைவிடக் கிட்டத்தில், தோளை உரசும் தூரத்தில். ஒரு மூச்சு. மென்மையாக எதையோ அழுத்தும் ஓசை. டக்.

பிறகு அவள் உதட்டில் ரொட்டி பட்டது. ஓரத்தை மட்டும் கடித்தாள். மீன் என்றாள் வேண்டுமென்றே. தப்பு என்று அவன் சிரித்தான். கண்ணைத் திறந்து, மிச்சத்தை நானே சாப்பிடுகிறேன் என்று அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். மென்றுகொண்டிருக்கும் தன் குழந்தையின் வாயிலிருந்து யாரோ பிடுங்கியதுபோல அவன் முகம் ஒரு விநாடி கறுத்தது. அவன் தண்ணீர் ஊற்றிய நேரத்தில் ரொட்டி மெழுகோடு கைக்குட்டைக்குள் போனது.

திங்கட்கிழமை காலை, யாரும் வருமுன், மெழுகில் பிளாஸ்டர் ஊற்றினாள். அது இறுகும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள். மெழுகை உரித்தபோது மேசை விளக்கின் கீழ் ஆறு பற்கள். நான்கு குறுகல். ஒரு கோரைப்பல் நேர். ஒன்று திரும்பியது.

டாக்டரம்மா உள்ளே வந்தவர் கைப்பையைக்கூட வைக்காமல் நின்றுவிட்டார். வாயால் பேசுவதைவிடக் கையால் வேலை செய்வதில் பிரியமான மனுஷி. ஆனால் ஒரு பல்லைப் பார்த்துவிட்டால் மறக்க மாட்டார்.

"இத எதுக்கும்மா வெளிய எடுத்த? பாவம் அந்தப் பொண்ணு."

எந்தப் பெண் என்று கேட்டாள். டாக்டரம்மா பழைய அலமாரியைத் திறந்து, ஆறு வருடத்துக்கு முந்தைய பெட்டியிலிருந்து தூசி படிந்த ஓர் அச்சை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். வைத்த பிறகுதான், மேசையில் இருந்தது வேறொன்று, புதியது, இன்னும் ஈரம் காயாதது என்பது அவருக்குப் புரிந்தது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னார். வாராவாரம் ஊர் ஊராகப் போய்ச் சாப்பிடுகிற ஜோடி. அந்தப் பெண் மென்றால் தாடை டக் டக்கென்று சத்தம் போடும், அதற்குத்தான் முதலில் வந்தாள். பிறகு தொண்டையில் கட்டி. கடைசி ஆறு மாதம் ஒரு பருக்கை உள்ளே போகவில்லை, மூக்கு வழியே குழாய்தான். பசி பசி என்றே போய்ச் சேர்ந்தாளாம்.

"உன் வீட்டுக்காரரோட முதல் சம்சாரம்தானேம்மா. உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

அவளுக்குத் தெரியாது. தனக்கு இதுதான் முதல் கல்யாணம் என்று அவன் சொல்லியிருந்தான். அவன் அம்மா சொல்லியிருந்தாள். அவன் அக்கா, பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து, என் தம்பி கொடுத்து வைத்தவன் என்று இவள் கையைப் பிடித்துக்கொண்டாளே, அவளுக்கும் தெரியும். ஊருக்கெல்லாம் தெரிந்த ஒன்று இவள் ஒருத்திக்கு மட்டும் தெரியாமல் இருந்திருக்கிறது. நெஞ்சு எரிந்தது. செத்தவள் கடித்தாள் என்ற பயத்துக்கு முன்னால் வந்தது இந்த எரிச்சல்தான்: அந்த விளையாட்டு தன்னுடையது அல்ல, ஊர்கள் தன்னுடையவை அல்ல, முதல் வாய் ஒருநாளும் தனக்கு வந்ததில்லை. இரண்டு வருடமாக அவள் கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டு தின்றது இன்னொருத்தியின் எச்சில்.

அவள் மேசையில் பேனா வைக்கும் தாங்கியாக ஓர் அச்சு இருந்தது. அவளுடைய பல்தான், வேலைக்குச் சேர்ந்த புதிதில் பழகுவதற்காக எடுத்தது. அன்று சாயங்காலம் எல்லோரும் போன பிறகு தன் வாயில் புதிதாக ஓர் அச்சு எடுத்தாள். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். முன்பற்கள் நெருங்கியிருந்தன. இடது கோரைப்பல் திரும்பத் தொடங்கியிருந்தது. முழுக்க அல்ல. இன்னும் ஒரு நூல் அளவு பாக்கி.

அவள் அம்மா வீட்டுக்குப் போயிருக்கலாம். போகத்தான் நினைத்தாள். பையைக்கூட எடுத்து வைத்தாள். ஆனால் ஒரு நப்பாசை விடவில்லை: கடைசி ஊரின் மேசையில் வைத்து முகத்துக்கு நேரே கேட்டால் அவன் உடைந்துபோய்விடுவான், ஆரம்பத்தில் எப்படியோ, இப்போது நீதான் எனக்கு என்பான். அதைக் கேட்காமல் எப்படிப் போவது? தவிர, தான் வாயைத் திறக்காதவரை யாராலும் என்ன செய்ய முடியும் என்றும் கணக்குப் போட்டாள். வாய் அவளுடையதுதானே.

கடைசி ஊர் கடலோரம். ஞாயிறு மதியம், கடை நிறையக் கூட்டம். குழந்தைகள் அழுதன, தட்டுகள் மோதின, வறுத்த பூண்டு வாசம் சுவரெல்லாம் ஏறியிருந்தது, திறந்த ஜன்னல் வழியே உப்புக் காற்று வந்து காகித விரிப்பைப் படபடவென்று அடித்தது. இத்தனை பேர் நடுவில் என்ன நடந்துவிடும் என்று அவளுக்குத் தைரியமாக இருந்தது. அவன் நான்கு பேர் மேசையாகப் பார்த்து உட்கார்ந்தான். நோட்டைப் பிரித்து மேசையில் வைத்தான். அதில் கடைசி வரி, கோணிப்போன எழுத்தில்: சுட்ட ரொட்டி, வெண்ணெய், வேறு ஒன்றும் வேண்டாம்.

ரொட்டி வந்தது. வெண்ணெய் உருகி ஓரத்தில் சொட்டியது. அவளுக்கு வாசமே தெரியவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தாள். சற்று முன்புவரை இருந்த பூண்டு வாசமும் போயிருந்தது.

"இதெல்லாம் யாரு எழுதினது?" என்று கேட்டாள்.

அவன் ரொட்டியைப் பிட்டுக்கொண்டே இருந்தான். மறைக்கப் பார்க்கவில்லை. அதுதான் அவளை முதலில் உடைத்தது.

"டாக்டரம்மா சொல்லிட்டாங்களா?" என்றான். "ஆறு மாசம் குழாயோட கெடந்தா. எங்கெங்க போகணும், என்னென்ன சாப்பிடணும்னு படுத்துக்கிட்டே எழுதினா. நான் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டேன். சொன்னா செய்யணும் இல்லியா?"

"அப்போ நான் யாரு?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். கண் கலங்கியிருந்தது. அவளைப் பார்த்துக் கலங்கிய கண் அல்ல; அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவளுக்கு வாய் வேணுமே," என்றான் மெதுவாக. "எத்தன பேரப் பாத்தேன் தெரியுமா? உன் பல்லுதான் அளவா இருந்துச்சு."

அவ்வளவுதான். லேபின் கதவருகில் நின்று சொன்னதை அவள் இரண்டு வருடமாக மனதில் வைத்துப் பூப்போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகை வந்தது. அழுதால் வாய் திறக்கும். உதட்டை இறுக்கினாள். பல்லைக் கடித்தாள்.

"கண்ண மூடு," என்றான்.

மூடவில்லை. இந்த முறை பார்க்கப்போகிறாள். அவன் கை முதலில் இடது பக்கம் போகும், காலி நாற்காலிக்கு முன்னால் வாய் உயரத்தில் நிற்கும், ரொட்டியில் கடி விழும். அதைக் கண்ணால் பார்த்துவிட்டு எழுந்து போய்விடுவாள். இமைக்காமல் காத்திருந்தாள்.

அவன் கை இடது பக்கம் போகவில்லை.

நேராக அவளிடம் வந்தது.

ரொட்டி முழுசாக இருந்தது. கடி இல்லை. ஈரம் இல்லை. இரண்டு வருடத்தில் முதல் தடவையாக, முதல் வாய்.

இடது பக்கம் திரும்பிப் பார்த்தாள். வாடை இல்லை. குளிர் இல்லை. நாற்காலி காலியாக இருந்தது, நிஜமாகவே காலியாக.

இடது கோரைப்பல் மிச்சமிருந்த அந்த ஒரு நூல் அளவும் திரும்பியது.

அவள் வாய் திறந்தது.

அவள் திறக்கவில்லை. மூடு என்றாள் உள்ளுக்குள். மூடு. அது இன்னும் அகலமாகத் திறந்தது. ரொட்டி உள்ளே போனது. மெல்லத் தொடங்கியது. டக். டக். நாக்கு வெண்ணெயைத் துழாவியது. சுவை இல்லை. உப்பில்லை. கடைவாயில் அழுத்தம் தெரிந்தது, பிறகு அதுவும் தெரியவில்லை.

"எப்படி இருக்கு, தங்கம்?"

அவளை அவன் ஒருநாளும் தங்கம் என்று கூப்பிட்டதில்லை.

தலை ஆடியது. அந்த ஆட்டத்தை அவள் கழுத்தில் உணரவில்லை. பார்த்தாள். பக்கவாட்டிலிருந்து. மேசைக்கு இடது புறத்திலிருந்து, கைக்கெட்டும் தூரத்தில், தன் சேலை, தன் காதுத் தோடு, தன் கன்னத்து மச்சம், அந்தக் கன்னம் நிறைந்து மென்றுகொண்டிருப்பதைப் பார்த்தாள். கண்களில் நீர் வழிய, நெடுநாள் பட்டினி கிடந்தவள் போல அது மென்றது. கூப்பிட நினைத்தாள். கடைக்காரர் அவள் வழியாகவே கையை நீட்டித் தண்ணீர் ஜக்கை வைத்துவிட்டுப் போனார்.

அப்போதுதான் வயிறு பிடித்தது. வயிறு என்று ஒன்று இல்லாத இடத்தில் பிடித்தது. இதுவரை அவள் அறிந்த பசியெல்லாம் பசியே இல்லை. கடை முழுக்கச் சோறு, ரொட்டி, மீன், அத்தனை வாசமும் ஒரே சமயத்தில் திரும்பி வந்து அவளை மொய்த்தது.

அந்த வாய் விழுங்கி முடித்தது. மிச்ச ரொட்டியை அவன் அதனிடமிருந்து வாங்கினான். கடித்த இடம் ஈரமாக மின்னியது. நான்கு குறுகல், ஒன்று திரும்பியது. அதைத் தன் வாயில் போட்டுக்கொள்ளவில்லை. கையை இடது பக்கம் திருப்பி, காலி நாற்காலிக்கு முன்னால், வாய் உயரத்தில் பிடித்தான். அவன் முகத்தில் கொஞ்சம் இரக்கம்கூட இருந்தது.

"பல்லி," என்றான். "கண்ண மூடிக்கோ."

அவனைக் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. செத்தாலும் அந்த எச்சிலைத் தொடமாட்டேன் என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. வெண்ணெய் ஒரு சொட்டு அவன் விரலில் இறங்கி நின்றது.

பசித்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள்.